தலைவரே... ஒரு நிமிஷம்!

உங்களுக்குப் பிடிச்ச தலைவர் யார்? அரசியல், சினிமா, கிரிக்கெட், காலேஜ் யூனியன்... எந்த ஏரியாவா இருந்தாலும் சரி. மனசுல ஒரு பேர் வந்துடுச்சா? அதை அங்கேயே பத்திரமா வெச்சுக்குங்க. அவரைப் பத்தி நல்லதாவோ கெட்டதாவோ நான் ஒரு வார்த்தை பேசப் போறதில்லை. நான் சொல்ல வந்தது ஜெர்மனிக்காரர் ஒருத்தரைப் பத்தி. ‘நமக்கு ஏன் தலைவர்கள் மேல இவ்வளவு ஆசை?’ங்கிற கேள்வியை அவர் அளவுக்கு நேர்மையா யோசிச்ச ஆளை நான் படிச்சதில்லை.

பேரு, டீட்ரிச் போன்ஹோஃபர். 1906-ல் பிறந்தவர். லூத்தரன் பாதிரியார், புராட்டஸ்டன்ட் இறையியல் அறிஞர். 21 வயசுல டாக்டர் பட்டம், 25 வயசுல பெர்லின் பல்கலைக்கழகத்துல விரிவுரையாளர். ‘ஐயோ, இறையியலா!’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நானும் சர்ச்சுக்குப் போற ஆள் இல்லை. எம்.ஏ. படிக்கிறப்போ ஒரு பழைய புத்தகக் கடையில அட்டை கிழிஞ்சு போன அவரோட சிறைக் கடிதங்கள் புத்தகம் கிடைச்சுது. விலை இருபது ரூபாய். ஜெயில்ல இருந்து ஒருத்தர் ஃப்ரெண்டுக்கு எழுதின லெட்டர்னா சுவாரஸ்யமா இருக்குமேன்னுதான் வாங்கினேன். படிச்சு முடிச்சதும், இந்த ஆள் வேற என்னவெல்லாம் எழுதியிருக்கார்னு தேட ஆரம்பிச்சேன். அப்படித் தேடினப்போ சிக்கினதுதான் ஒரு ரேடியோ பேச்சு.

பாதியில் போன மைக்

1933 ஜனவரி 30. ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆகிறார். இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 1-ம் தேதி பெர்லின் வானொலியில் போன்ஹோஃபர் பேசுகிறார். அவருக்கு 27 வயது முடிய இன்னும் மூன்று நாள் பாக்கி. ‘தலைவர்’ என்ற எண்ணம் இளைய தலைமுறையிடம் எப்படி மாறிப்போய்விட்டது என்பதுதான் தலைப்பு.

அந்தத் தலைமுறையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. முதல் உலகப் போரில் தோற்ற நாடு. மன்னராட்சி போயிடுச்சு. 1923-ல் பணவீக்கம் வந்து, வாழ்நாள் சேமிப்பை வெச்சு ஒரு ரொட்டிகூட வாங்க முடியாத நிலைமை. 1933 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். டிகிரி வாங்கியாச்சு, வேலை இல்லை. அப்பா, வாத்தியார், பாதிரியார், மந்திரி... பெரியவங்க யார் பேச்சிலும் நம்பிக்கை இல்லை. ‘ஒருத்தன் வரணும்... வந்து எல்லாத்தையும் சரி பண்ணணும்!’ இந்த ஏக்கம்தான் பாக்கி.

‘பசங்க முட்டாள்தனமா நடந்துக்குறாங்க’ன்னு போன்ஹோஃபர் திட்டலை. அந்த ஏக்கம் எங்கேயிருந்து வந்ததுன்னு அவருக்குப் புரிஞ்சுது. அவரும் அதே தலைமுறைதானே! ஆனா, அந்த ஏக்கத்துக்குள்ள ஒரு பள்ளம் இருக்குன்னு காட்டினார்.

அவர் பிரித்துக் காட்டியது இதுதான். ஒரு நீதிபதி, ஒரு ஆசிரியர், ஒரு அமைச்சர்... இவர்களுக்கு அதிகாரம் கிடைப்பது அவர்கள் உட்கார்ந்திருக்கும் பதவியால். பதவிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் அவர்களையும் கேள்வி கேட்கலாம். அந்த ஜெர்மானிய இளைஞர்கள் தேடிய ‘தலைவர்’ அப்படி இல்லை. அவருடைய அதிகாரம் அவருடைய ஆளுமையில் இருந்து வருகிறது. கூட்டம் தன் ஆசை, கோபம், கனவு எல்லாவற்றையும் அவர் மேல் ஏற்றி வைக்கிறது. எல்லையே இல்லாத அதிகாரம்.

நல்ல தலைவர் என்ன செய்வார்? ‘என்னால இவ்வளவுதான் முடியும், மீதி உங்க பொறுப்பு’ என்று தன்னைப் பின்பற்றுபவர்களிடம் திருப்பித் தருவார். கூட்டம் தன்னைத் தெய்வமாக்கப் பார்த்தால் தடுப்பார். தடுக்காமல் அதை ரசிக்க ஆரம்பித்துவிட்டால்? ஜெர்மன் மொழியில் தலைவருக்கு ‘ஃப்யூரர்’ என்று பெயர். முன்னால் ஒரே ஒரு சின்ன அசையைச் சேர்த்தால் ‘ஃபெர்ஃப்யூரர்’. மயக்கி, தப்பான வழியில் இழுத்துக்கொண்டு போகிறவன் என்று அர்த்தம். ஃப்யூரர் ஃபெர்ஃப்யூரர் ஆகிவிடுவார் என்று எச்சரித்தார். பேச்சில் ஹிட்லர் பெயரே வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பேச்சு முடியும் முன்பே ஒலிபரப்பு அறுந்தது. புது அரசாங்கத்து ஆட்கள்தான் வெட்டினார்கள் என்கிறார்கள் சிலர். நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்கிறார்கள் சிலர். காரணம் எதுவாக இருந்தாலும், கடைசி எச்சரிக்கை காற்றில் போகவில்லை. கேட்டவர்கள், தான் புதுத் தலைவரை ஆதரிப்பதாகவே நினைத்துவிடப் போகிறார்களே என்று போன்ஹோஃபருக்குப் பதற்றம். முழுப் பேச்சையும் பிரதி எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். அடுத்த மாதமே பெர்லினில் அதை விரிவான உரையாகவும் நடத்தினார்.

ஒரு விஷயம் முக்கியம் ஃப்ரெண்ட்ஸ். ‘அதிகாரமே வேணாம், எல்லாரும் அவங்கவங்க இஷ்டப்படி இருங்க’ங்கிற கட்சி இல்லை இவர். அதிகாரம் வேணும்னுதான் சொன்னார். ஆசிரியர் ஆசிரியரா இருக்கணும், நீதிபதி நீதிபதியா இருக்கணும். அதனாலதான் எல்லையில்லாத தலைவரைப் பார்த்து அவருக்கு அவ்வளவு பயம். அப்படி ஒருத்தர் வந்தா முதல்ல சாகுறது இந்தச் சின்னச் சின்னப் பதவிகளோட மரியாதைதான்.

எரித்தது யார் தெரியுமா?

அதே வருஷம் மே 10 ராத்திரி. பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருக்கும் ஓபரா சதுக்கம். சுமார் 20,000 புத்தகங்கள் தீயில் விழுந்தன. மார்க்ஸ், ஃப்ராய்டு, ரெமார்க்... ‘ஜெர்மன் தன்மை இல்லாதவை’ என்று முத்திரை குத்தப்பட்ட எல்லாம்.

இதை முன்னின்று நடத்தியது ஜெர்மன் மாணவர் சங்கம். ஆமாம், மாணவர்கள்! நம்ம வயசுப் பசங்க. போன்ஹோஃபர் பாடம் நடத்திய அதே கேம்பஸுக்கு எதிரே. அந்த ரேடியோ பேச்சு நடந்து நூறு நாள்கூட ஆகவில்லை.

எனக்கு இந்தத் தகவல் ரொம்ப நாள் தொண்டையில் சிக்கின முள் மாதிரி இருந்தது. படிக்காதவங்கதான் கும்பலா கிளம்புவாங்கன்னு நமக்கு ஒரு நினைப்பு. புத்தகம் படிக்கத்தானே அவங்க அந்த வாசலுக்கே வந்தாங்க!

பாட்டியும் பேரனும்

1933 ஏப்ரல் 1-ம் தேதி, யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நாஜிப் படையினர் கடை வாசல்களில் நின்றார்கள். போன்ஹோஃபரின் பாட்டி ஜூலிக்கு அப்போது தொண்ணூறு வயது. அவர் அந்தப் படையினரைத் தாண்டி நேராக உள்ளே போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தார். பாட்டிக்கு எந்தப் பதவியும் கிடையாது. யாரும் பின்னால் வரவில்லை. போனார், வாங்கினார், வந்தார்.

அதே மாதம் பேரனுக்கு ஒரு சோதனை வந்தது. அவருடைய இரட்டைச் சகோதரி சபீன், யூத வம்சாவளியைச் சேர்ந்த சட்ட அறிஞர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ஸைத் திருமணம் செய்திருந்தார். கெர்ஹார்ட்டின் அப்பா இறந்துபோகிறார். இறுதிச் சடங்கை நடத்தித் தரும்படி போன்ஹோஃபரைக் கேட்கிறார்கள். அவர் சபையின் மேலதிகாரியிடம் யோசனை கேட்கிறார். வேண்டாம் என்கிறார் அவர். போன்ஹோஃபரும் மறுத்துவிடுகிறார்.

அந்த வருஷக் கடைசியில் சபீன் தம்பதிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அன்று எப்படி அவ்வளவு பயந்துபோனேன் என்று எனக்கே புரியவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்ற பொருளில் போகிறது அது. எல்லையில்லாத தலைவரைப் பற்றி ஊருக்கே எச்சரித்த மனிதர், தன் மேலதிகாரியின் ஒரு வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டார். ‘அவர் சொன்னார், நான் செஞ்சேன்’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

அவரை எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். பாட்டிக்கு அன்றே தெரிந்தது பேரனுக்குத் தெரியச் சில மாதம் ஆனது. ஆனால், தெரிந்ததை அவர் மறக்கவே இல்லை.

யூதர்கள் விஷயத்தில் சபை என்ன செய்ய வேண்டும் என்று அதே ஏப்ரலில் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று வேலைகளைச் சொன்னார். ஒன்று, ‘நீ செய்யறது ஒரு அரசாங்கம் செய்ற வேலைதானா?’ என்று அரசையே கேட்பது. இரண்டு, அந்த அரசால் அடிபட்டவர்களுக்கு, அவர்கள் எந்த மதமாக இருந்தாலும், கை கொடுப்பது. மூன்று, அதுவும் போதாது என்ற நிலை வந்தால் அந்த வண்டியையே மறித்து நிறுத்துவது. மூன்றாவது வரியைப் படித்தபோது அவருடைய சக பாதிரியார்களே அரண்டுபோயிருப்பார்கள்.

காந்தி அனுப்பிய பதில்

நம்ம ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சின்ன தொடர்பு உண்டு. அகிம்சை வழியில் எதிர்ப்பது எப்படி என்று நேரில் கற்றுக்கொள்ள போன்ஹோஃபர் இந்தியா வர ஆசைப்பட்டார். 1934-ல் காந்திக்கு எழுதினார். தன்னோடு வந்து தங்கலாம் என்று காந்தியும் பதில் போட்டார். ஆனால், அந்தப் பயணம் நடக்கவில்லை. நாஜிகளுக்கு அடிபணியாத சபைக்காக இளம் போதகர்களைத் தயார் செய்யும் பொறுப்பு வந்தது. 1935-ல் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் அந்தப் பயிற்சிக்கூடம் நடந்தது. 1937-ல் கெஸ்டபோ அதை இழுத்து மூடியது. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் அனுமதியும் 1936-லேயே பறிபோயிருந்தது.

1939 ஜூனில் அமெரிக்க நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். அங்கே வேலை, பாதுகாப்பு எல்லாம் ரெடி. ஒரு மாதம்கூட இருக்க முடியவில்லை அவரால். என் மக்களோடு இந்தக் கஷ்டத்தைப் பங்குபோடாமல், போருக்குப் பிறகு நாட்டைத் திருப்பிக் கட்டும் வேலையில் எனக்கு என்ன உரிமை என்று கேட்டுக்கொண்டார். ஜூலையில் கப்பல் ஏறினார். செப்டம்பர் 1 அன்று போர் வெடித்தது.

திரும்பி வந்தவர், ஹிட்லரைக் கவிழ்க்கத் திட்டமிட்ட குழுவில் சேர்ந்தார். வெளியே பார்த்தால் ராணுவ உளவுத்துறை ஊழியர். உள்ளே வேறு வேலை. 1942-ல் ஸ்வீடன் போய், இங்கிலாந்து பிஷப் ஜார்ஜ் பெல்லிடம் சதிக்குழு பற்றிய தகவல்களைச் சேர்த்தார். யூத வம்சாவளியினர் பதினான்கு பேரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப வைத்த முயற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பொய் வேலை, கொலைத் திட்டம்... ஒரு பாதிரியாருக்கு இதெல்லாம் சரியா? அவர் ‘சரி’ என்று தீர்ப்பு எழுதிக்கொள்ளவில்லை. ‘கை கறைபடும், அந்தக் கறைக்கும் நான்தான் பொறுப்பு’ என்பதுதான் அவருடைய நிலை. கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒதுங்கி நிற்பவனும் தப்பித்துவிட முடியாது என்று அவர் நினைத்தார்.

‘இது உனக்குத்தான்!’

போன வருஷம் எங்க ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் ஒரு வீடியோ போட்டான். ‘முட்டாள்தனம் பற்றி போன்ஹோஃபர்’. கீழே ஒரு வரி, ‘உங்க கட்சிக்காரங்களுக்கு டெடிகேட் பண்றேன்’. அஞ்சு நிமிஷம் ஆகலை, எதிர் அணி ஆள் அதே வீடியோவைத் திருப்பிப் போட்டான், ‘இது உனக்குத்தான் மச்சி!’

சிரிச்சு முடிச்சப்புறம் யோசிச்சேன். 1942 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஹிட்லர் ஆட்சியின் பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்த்து நெருங்கிய சிலருக்காக அவர் எழுதியது அது. ஒரு பிரதியை பெர்லினில் பெற்றோர் வீட்டுக் கூரைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். கெட்டவனை எதிர்த்துப் போராடலாம், முட்டாள்தனத்தை எதிர்க்க வழியே தெரியவில்லை என்ற தவிப்பு அதில் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன முட்டாள்தனம் ஐ.க்யூ. சமாச்சாரம் இல்லை. நல்ல மூளைக்காரனும் அதில் விழுவான். பெரிய அதிகாரம் ஒன்று எழும்பும்போது, கூட்டத்தோடு நிற்கும் மனிதன் தன் சொந்த நிதானத்தை மெள்ள ஒப்படைத்துவிடுகிறான். அவனோடு பேசினால் அவனோடு பேசுகிற மாதிரியே இருக்காது. கோஷங்களோடு பேசுகிற மாதிரி இருக்கும்.

புத்திமதி சொல்லி இதை மாற்ற முடியாது, அவன் முதலில் விடுபட வேண்டும் என்கிறார். ஆக, அந்த வீடியோவை ‘உனக்குத்தான்’னு அடுத்தவனுக்கு அனுப்புற நொடியிலேயே நாம அதைத் தவறவிட்டுடறோம். அதை அனுப்ப வேண்டிய நம்பர் நம்மளோடதுதான்.

ஒரு வாத்தியார், ஒரு பையன்

1943 ஏப்ரல் 5-ல் போன்ஹோஃபர் கைதானார். பெர்லின் டேகல் சிறை. உண்மை பேசுவது என்றால் என்ன என்று அங்கே ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார். அதில் வரும் ஓர் உதாரணம் என்னை விடவே இல்லை.

ஒரு வகுப்பறை. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஆசிரியர் ஒரு சிறுவனை எழுப்பிக் கேட்கிறார், ‘உங்க அப்பா அடிக்கடி குடிச்சுட்டு வீட்டுக்கு வர்றாராமே?’ அது உண்மைதான். ஆனால் பையன் ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறான்.

பையன் சொன்னது பொய்யா? பொய்தான். ஆனால், அந்தப் பொய்க்குள் ஆசிரியரின் கேள்வியில் இல்லாத ஓர் உண்மை இருக்கிறது என்கிறார் போன்ஹோஃபர். ஒரு குடும்பத்தின் உள்விஷயத்தை வகுப்பில் வைத்துக் கேட்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. ‘இந்தக் கேள்வி உங்க எல்லைக்குள் வராது சார்’ என்று சொல்லத் தெரியாத வயது. தெரிந்த ஒரே வார்த்தையால் அவன் தன் வீட்டுக் கதவைச் சாத்தினான். பழி கேள்வி கேட்டவர் மேல்தான்.

விசாரணை அதிகாரிகள் இவரையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள். ரேடியோவில் சொன்ன அதே விஷயம்தான் இதுவும். அதிகாரத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன் நின்றாலும் எல்லை எல்லைதான்.

1945 ஏப்ரல் 9. ஃப்ளோசன்பர்க் வதைமுகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 23 அன்று அமெரிக்கப் படை அந்த முகாமுக்கு வந்து சேர்ந்தது. அவருடைய அண்ணன் கிளாஸும், சகோதரிகளின் கணவர்கள் இருவரும் அதே மாதம் கொல்லப்பட்டார்கள்.

அவருக்கும் கட்-அவுட் வேணாம்

இப்போ ஒரு ஆபத்து. இவ்வளவு படிச்சதும் ‘ஆஹா, இவர்தான்டா தலைவர்!’னு தோணும். எனக்கும் தோணுச்சு. 2024-ல் அவரைப் பத்தி ஓர் அமெரிக்கப் படம் வந்தப்போ, ஆளாளுக்கு அவரைத் தங்கள் அரசியலுக்கு இழுக்க ஆரம்பிச்சாங்க. அவர் பெயரை இப்படிப் பயன்படுத்தாதீங்கன்னு அவரோட குடும்ப வாரிசுகளே எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. தலைவரைச் சிலையாக்காதேன்னு எச்சரிச்சவரையே சிலையாக்குறது எவ்வளவு பெரிய கூத்து!

அதனால அவரை விட்டுடுவோம். அவர் கொடுத்த அளவுகோலை மட்டும் எடுத்துக்குவோம். எனக்கு ஒரு புரொஃபசர் இருந்தார். ஆய்வேட்டுக்கு ‘நீங்களே ஒரு டாபிக் குடுங்க சார்’னு போய் நின்னேன். ‘நான் குடுத்தா, வைவாவுல ஏன் இந்த டாபிக்னு கேட்கிறப்போ என் பேரைச் சொல்லுவே. போய் யோசிச்சுட்டு வா’ன்னு திருப்பி அனுப்பிட்டார். ரெண்டு வாரம் தூக்கமே இல்லை. அப்போ அவர் மேல செம கடுப்பு. போன்ஹோஃபரைப் படிச்சப்புறம்தான் அந்த மனுஷன் எனக்கு என்ன கொடுத்து அனுப்பினார்னு புரிஞ்சுது.

சரி, மனசுல ஒரு பேர் வெச்சீங்களே... அவரைக் கூப்பிடுங்க. மூணே கேள்வி.

‘என் அதிகாரம் இங்கே முடியுது’ன்னு அவர் எப்பவாவது சொல்லியிருக்காரா?

அவர் பின்னால போக ஆரம்பிச்சதுல இருந்து, நீங்க தனியா யோசிக்கிறது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?

அவர் செய்றது தப்புன்னா, அதை அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டு, அதுக்கப்புறமும் நீங்க அந்த இடத்துல இருக்க முடியுமா?

அப்புறம், அதே மூணு கேள்வியை உங்களையும் கேட்டுக்குங்க. நாளைக்கே நீங்க கிளாஸ் ரெப் ஆகலாம், டீம் லீடர் ஆகலாம், ஒரு வீட்டுக்குப் பெரியவர் ஆகலாம். உங்களை நிமிர்ந்து பார்க்கவும் நாலு பேர் வருவாங்க.

பதில் என்ன வந்ததுன்னு எனக்கு எழுதிப் போட வேணாம். என் புரொஃபசர் மாதிரி நானும் அதை உங்ககிட்டயே திருப்பி அனுப்பிடுவேன்.